சோனாப்பூரில் இல்லாத வாக்குச்சாவடி

2024 ஜூன் 4 அன்று வெளியான மக்களவைத் தேர்தல் முடிவில் பாரதிய ஜனதாவுக்கு 240 இடங்கள் கிடைத்தன. தனிப்பெரும்பான்மைக்கு 272 தேவை. கூட்டணியின் 293 இடங்களே ஆட்சியைத் தந்தன. அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் திமுக அணிக்கே போயின. சுமார் 20 சதவீத வாக்கு பெற்ற அதிமுகவுக்கு ஓரிடமும் இல்லை.

துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழும் தமிழர்கள் இந்தக் கணக்கில் அநேகமாக இல்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வெளிநாடுவாழ் இந்தியர் படிவம் 6ஏ மூலம் பெயரைப் பதிய வழிசெய்தது. ஆனால் வாக்களிக்க, அசல் கடவுச்சீட்டோடு சொந்த ஊர்ச் சாவடிக்கே வர வேண்டும். விமானக் கட்டணமும் விடுப்பும் யார் தருவது? 2024இல் உலகெங்கும் பதிந்த சுமார் 1.19 லட்சம் பேரில் வாக்களித்தவர்கள் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்தினர்.

வெளிநாடுவாழ் இந்தியர் தம் சார்பில் வேறொருவரை வாக்களிக்கச் செய்யும் பதிலாள் வாக்குக்கான மசோதாவை 2018இல் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையைத் தாண்டாமலே அது காலாவதியானது. மின்னணு அஞ்சல் வாக்கைத் தேர்தல் ஆணையம் 2020இல் பரிந்துரைத்தும் சட்டமாகவில்லை. படைவீரர்களுக்கு அந்த வசதி ஏற்கெனவே உண்டு என்பதால், தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது. பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் துபாயிலுள்ள தங்கள் துணைத் தூதரகத்திலேயே வாக்களித்திருக்கிறார்கள். இந்தியா முதற்கட்டமாக வளைகுடா நாடுகளிலாவது இதைத் தொடங்கலாம்.