குளிசையை விடு எண்டு சொல்லுற ஆக்களுக்கு

2022இல் டொலர் இல்லாமல் நாடு மருந்துக்கு அல்லாடினபோது, வெள்ளவத்தைப் பாமசிகள் எல்லாம் ஏறி இறங்கி என் வலிப்புக் குளிசையைத் தேடித் தந்தது அம்மாதான். இப்ப குளிசை கிடைக்குது. ஆனால் கல்யாணப் பேச்சு வந்ததும் அதே அம்மா, "மெல்லமா நிப்பாட்டிப் பாரன் பிள்ளை, அவைக்குத் தெரியவேணுமே?" என்கிறா.

தெரியவேணும் அம்மா. நான் போடுறது சோடியம் வல்ப்ரோவேட். சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். போட்டபடி கர்ப்பமானால், ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. ஐரோப்பாவில் 2018இலேயே கடும் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, நானே தேடி வாசித்தேன். கை நடுங்குது, தலைமயிர் கொட்டுது என்று கிளினிக்கில் சொன்னபோது, "வலிப்பு வரேல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டு அதே மருந்துத் துண்டைத் தந்தார்கள்.

மறைக்கச் சொல்லுற வீடும் காது கொடுக்காத கிளினிக்கும் செய்வது ஒரே வேலைதான்: என் உடம்பைப் பற்றி என்னோடு கதைக்காமல் முடிவெடுப்பது. மருந்தை மாற்ற வழி இருக்கு. வைத்தியரின் கண்காணிப்பில், புதியதைக் கூட்டி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்கவேணும். அதற்கு முதலில் வாய் திறந்து கேட்கவேணும். மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லத்தான் போறன். கேட்டுவிட்டு ஓடுற ஆள் இப்பவே ஓடட்டும்.