சூரியன் பொது, நிலம் யாருடையது?

தேர்தல் வந்தால் சூழலியல் அமைப்புகள் கட்சிகளிடம் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கின்றன. கட்சிகளும் தங்கள் அறிக்கையில் பசுமை ஆற்றலுக்கு ஒரு பத்தி ஒதுக்குகின்றன. இத்தனை மெகாவாட் சூரிய மின்சாரம், இத்தனை காற்றாலை என்று எண்கள் இருக்கும். அந்த மெகாவாட்டுகள் யாருடைய நிலத்தில் நிற்கப் போகின்றன என்ற கேள்வி மட்டும் இருக்காது.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் தொடங்கப்பட்ட சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் திறன் கொண்டது. அது பரவியிருக்கும் நிலம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டமோ ஒரு குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்கிறது. தொழில் நிறுவனங்கள் அரசிடம் அனுமதி பெற்று அதற்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. நிலமற்றோருக்குப் பிரித்துக் கொடுக்க உபரி நிலம் இல்லை என்று சொல்லும் அதே மாநிலத்தில்தான், மின் நிலையத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே வேலிக்குள் வருகிறது.

ஆய்வுக்காகத் தென் மாவட்டங்களில் சுற்றியபோது ஓர் ஊரில் அப்படியொரு வேலி ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம், நிலம் விற்றதில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். “எங்களுக்கு ஏது தம்பி பட்டா? கருவேல மரம் வெட்டுனோம், கரி மூட்டம் போட்டோம், ஆடு மேச்சோம். வித்தவுக மதுரையில இருக்காக” என்றார்.

பட்டா வைத்திருந்தவர் ஆதிக்க சாதி. விலை பேசி முடித்த தரகரும் அதே சாதி. தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தவர்கள் சேரிக்காரர்கள். அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டுகள் வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கிடுகிறது. ஆனால் நிறுவனங்கள் பெரும்பாலும் நேரடியாகக் கிரையம் செய்கின்றன, அல்லது குத்தகைக்கு எடுக்கின்றன. அங்கே இந்தப் பாதுகாப்பு கூலிகளுக்கு எட்டுவதில்லை. சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. எனவே கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. 2023இல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, நீர்நிலை உள்ள 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தைக்கூட ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர வழி செய்கிறது.

நாம் சூரிய மின்சாரத்துக்கு எதிரிகள் அல்ல. எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பலைச் சுவாசிப்பவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். நிலக்கரி போக வேண்டும். ஆனால் நிலக்கரி போய் சூரியன் வரும்போது பண்ணையார் அப்படியே இருந்தால், மாறியது எரிபொருள் மட்டும்தான்.

இதில் நம் பக்கமும் தவறு இருக்கிறது. சூழலியல் தோழர்கள் நிலத்தைப் பேசும்போது சாதியை விட்டுவிடுகிறார்கள். சாதி ஒழிப்பு பேசும் நாமோ மின்சாரத்தைப் பொறியாளர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரி 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நிலங்கள் இன்னும் முழுமையாக மீளவில்லை. தரிசு என்று காட்டப்படும் நிலத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு, மேய்ச்சல் புறம்போக்கு எவ்வளவு என்று பார்க்காமல் சூரியப் பூங்கா அறிவித்தால், மீட்புக்கான வாசலே மூடப்படும்.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இவற்றைக் கேட்போம். திட்டம் அறிவிக்கும் முன் ஒவ்வொரு சர்வே எண்ணின் பழைய ஆவணத்தையும் வெளியிடுவீர்களா? நேரடிக் கிரையத்திலும் கூலிகளையும் மேய்ப்பவர்களையும் பாதிக்கப்பட்டோராகச் சேர்ப்பீர்களா? பஞ்சமி நிலத்தை மீட்டு, உரியவர்களே கூட்டுறவாக மின்சாரம் தயாரித்து விற்க உதவுவீர்களா? விளைநிலத்தைத் தொடும் முன் அரசுக் கட்டடங்களின் கூரைகளை நிரப்புவீர்களா? ஊர்க் கூட்டத்தின் ஒப்புதலைச் சேரியின் ஒப்புதலாகக் கணக்குக் காட்டாமல், சேரியில் தனியாகக் கூட்டம் நடத்துவீர்களா?

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. அடுத்த ஆண்டே, 1947இல், விளைநிலத்தை அரசே எடுத்துச் சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட வேண்டும், அடிப்படைத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்று ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் எழுதினார். மின்சாரமும் நிலமும் அவருக்கு இரண்டு தனித்தனிக் கோரிக்கைகளாக இருக்கவில்லை. நமக்கும் இருக்கக் கூடாது.