கற்றதை வழங்கும் கூட்டம்



மென்பொருள் வல்லுநர் மாநாடு என்றதும் வறட்டுப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஃபாஸ்டெம்’ மாநாட்டைப் பாருங்கள். பல்கலைக்கழக வளாகத்தில் 2 நாட்கள் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். நுழைவுக் கட்டணம் இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. எவரும் பார்த்து, திருத்தி, பகிர்ந்துகொள்ளத்தக்க மென்பொருள்களே அங்குப் பேசுபொருள்.

நாள்தோறும் கையாளும் கருவியை ஆக்கியவரிடமே ஐயம் கேட்டுத் தெளிவதும், திரையில் பெயராக மட்டும் அறிந்தவரை நேரில் காண்பதும் தனி இன்பம். சொற்பொழிவுகளைவிட, நடைவழியில் நின்றவாறு நிகழும் உரையாடல்களிலேயே பலருக்கு நெஞ்சம் நிறைகிறது.

முந்திய வெள்ளியிரவு மதுக்கூடத்தில் கூடும் வழக்கமும் உண்டு. அதனைத் தவிர்ப்பவருக்குக் கல்வியில் இழப்பேதுமில்லை.

இத்தகைய அவைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர்களே! அங்கு நிகழ்த்தப்பெறும் உரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். தயக்கம் தீர்ந்தபின் மகனை மட்டுமன்று, மகளையும் தக்க துணையோடு அனுப்புங்கள்.

கற்றதை மறைக்காமல் வழங்குவது நம் மார்க்கம் போற்றும் பண்பு. அப்பண்பு தழைக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் பெறுவோராக மட்டுமின்றி, வழங்குவோராகவும் விளங்கட்டும், இன்ஷா அல்லாஹ்!