முதலில் செய்து காட்டுங்கள், பிறகு கேளுங்கள்!

"பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக் கற்க வேண்டும்" என்பது இன்று கல்வி மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தேடிக் கண்டறியும் கல்வியை வலியுறுத்துகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கணக்கில் முதல் அடி எடுத்து வைக்கும் பிள்ளைக்கு இது பொருந்துமா?

புதிய விஷயங்கள் என்றால், மனித மனம் ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் பிடித்து வைப்பது கடினம். இதை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்தவர் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் ஸ்வெல்லர். அவரும் கூப்பரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாகச் செய்து காட்டிய கணக்குகளைப் படித்த மாணவர்கள், தாங்களே முட்டி மோதிய மாணவர்களைவிட, அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தனர்.

வாய்ப்பாடு மனப்பாடத்தைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஏளனம் செய்வோர் உண்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தயங்காமல் சொல்லும் பிள்ளையின் மனம், வகுத்தல் கணக்கில் அடுத்த படிக்குப் போய்விடும். விரல் விட்டு எண்ணும் பிள்ளையோ எந்தப் படியில் நின்றோம் என்பதையே மறந்துவிடும்.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நமக்கு இது பெரிய விஷயம். வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தியோ ஆங்கிலமோ என்று வளரும் பிள்ளைக்குக் கேள்வியின் வாசகத்தைப் புரிந்துகொள்வதே ஒரு சுமை. வழிமுறையையும் நீயே கண்டுபிடி என்றால் இரட்டைச் சுமை. வசதியுள்ள வீட்டில் டியூஷன் உண்டு. ஷிப்டு வேலை பார்க்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு ஆசிரியரை விட்டால் யார்?

விடையைக் கரும்பலகையில் எழுதிக் காப்பியடிக்கச் சொல்வது கற்பித்தல் ஆகாது. ஒரு கணக்கைக் காரணத்தோடு முழுதாகச் செய்து காட்ட வேண்டும். அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். பிறகு முழுக் கணக்கையும் விடலாம். தேறிய பிள்ளைக்கு ஓயாத விளக்கமே தடையாகும் என்பதும் ஆய்வில் கண்டதுதான். புதிர்களும் தேடலும் அப்போது வரட்டும்.

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "ஒவ்வொரு படியையும் செய்து காட்டுகிறீர்களா?" என்று பணிவோடு கேளுங்கள். வீட்டில் தினம் பத்து நிமிடம், பள்ளி மொழியிலேயே வாய்ப்பாடு சொல்ல வையுங்கள். காரணத்தைத் தமிழில் விளக்குங்கள். செலவில்லாத இந்த உதவியை நம்மில் எவரும் செய்யலாம்.