பாம்பனை மீட்டவர்

எர்ணாகுளம் சென்று மெட்ரோ ஏறும் மட்டாஞ்சேரி அன்பர்களே! அதன் அமைப்புக்கு வழிகாட்டிய பொறியாளர் ஈ. ஸ்ரீதரனுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு.

இராமேசுவரத்தைக் கரையோடு இணைக்க 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் ரயில் பாலம், 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்தது. கப்பல்களுக்கு வழிவிட இருபுறமும் மேலெழும் இரும்புச் சட்டப் பகுதி மட்டும் நிலைகுலையாது நின்றது. ஏனைய உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. செப்பனிட ஆறு மாதத் தவணை குறிக்கப்பெற்றது. பாலக்காட்டுப் பகுதியிற் பிறந்த ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. கடலடியில் கிடந்த உத்திரங்களை மீட்டுப் பொருத்தி, 46 நாட்களில் பணியை முடித்தார்.

2025 ஏப்ரல் முதல் ரயில்கள் புதிய பாலத்தில் செல்கின்றன. பழைய பாலம் ஓய்வுற்றாலும் அதன் கதை ஓயலாகாது. மலையாள நாட்டார் ஒருவர் நமக்குச் செய்த நன்றியை நம் பிள்ளைகள் அறியட்டும். நம்மை வாழவைக்கும் கொச்சிக்கு நாம் செய்யும் பணியும் அத்தகையதாகுக!