குழம்பில் மணப்பதும் கந்தகம்தான்

கந்தகம் என்றால் தீப்பெட்டி, பட்டாசு, சொறிசிரங்குக் களிம்பு, அழுகிய முட்டை. இதற்கு மேல் நமக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. சாப்பாட்டு இலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றுவதில்லை. அதனால் பூண்டிலும் பெருங்காயத்திலும் கந்தகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்ற பதற்றம் வருகிறது. 'கெமிக்கல் இல்லாதது' என்று அச்சிட்ட பாக்கெட்டுகள் கடையை நிறைத்த பிறகு அந்தப் பதற்றம் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. ஆனால் காவிரிப் படுகைச் சமையலிலிருந்து கந்தகத்தை எடுத்துவிட்டால் பூண்டு ரசம் இல்லை, கும்பகோணம் கடப்பா இல்லை, வெங்காய சாம்பார் இல்லை. டிகிரி காபியும் வெறும் கசப்புப் பாலாகிவிடும். எந்தக் கந்தகம், எவ்வளவு, எப்போது உண்டானது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது விளங்கும்.

இந்தக் கந்தகத்தை யாரும் சேர்ப்பதில்லை. மண்ணில் சல்பேட்டாக இருப்பதை வேர் உறிஞ்சுகிறது. செடி அதைக் கொண்டு சில அமினோ அமிலங்களை உண்டாக்குகிறது. பருப்பு, பால், முட்டை, மீன் எதிலும் இவை உண்டு. வெங்காயமும் பூண்டும் ஒரு படி மேலே போய், பூச்சிகளிடமிருந்து தப்பிக்க இதே கந்தகத்தை ஆயுதமாகச் சேமித்து வைக்கின்றன. மண்ணில் கந்தகம் குறைந்தால் வெங்காயத்தின் காரமும் குறைந்துவிடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விளையும் விடாலியா வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்துத் தின்கிறார்கள் என்றால், அந்த வட்டார மண்ணில் கந்தகம் குறைவு என்பது ஒரு முக்கியக் காரணம். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தை அப்படிக் கடித்துப் பார்க்க யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கந்தகச் சேர்மங்களை நம் மூக்கு கண்டுபிடிக்கும் கூர்மை வேறு பொருள்களிடம் அதிகம் காணாதது. காபி மணத்துக்கு முக்கியமான ஃபர்ஃபுரைல் தயால் என்ற சேர்மம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே தெரிந்துவிடும். டெல்டாக்காரர்களுக்குப் புரியும் கணக்கில் சொன்னால், விநாடிக்கு 1,000 கன அடி ஓடும் வாய்க்காலில் ஒரு மணி நேரம் போகும் தண்ணீர் முழுவதற்கும் ஒரு கிராம் போதும். அதனால்தான் இந்தச் சேர்மங்கள் சிறு அளவில் மணக்கின்றன, அளவு கூடினால் நாறுகின்றன. சமையல் எரிவாயுவுக்குத் தனியாக வாசனை கிடையாது. சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படும் எத்தில் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. 1937 மார்ச் மாதம் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசனையற்ற எரிவாயு கசிந்து வெடித்துச் சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பிறகே அங்கே வாயுவில் வாடை சேர்ப்பது சட்டமானது. அந்த மெர்கேப்டனும் காபியின் தயாலும் வேதியியலில் ஒரே குடும்பம். அடுப்புக்குக் கீழே ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று.

இனி பூண்டு. உரித்து வைத்த முழுப் பல்லை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நசுக்கினால் கூடம் வரை மணக்கிறது. பல்லுக்குள் அல்லீன் என்ற வாசனையற்ற பொருள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் ஒதுங்கி இருக்கின்றன. கத்தியோ குழவியோ பட்டு செல் உடைந்தால்தான் இரண்டும் சந்திக்கும். சந்தித்த சில நொடிகளில் அல்லிசின் பிறக்கத் தொடங்கிவிடும். 1944இல் செஸ்டர் கவலிட்டோ என்ற அமெரிக்க வேதியியலாளர் பிரித்தெடுத்தது இதைத்தான். அல்லிசினும் நிலையான பொருள் அல்ல. வைத்திருந்தாலும் சூடாக்கினாலும் உடைந்து வேறு வேறு சல்பைடுகளாகிறது. சாப்பிட்ட மறுநாள் வாயில் வீசும் வாடை அவற்றில் ஒன்று இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுவதால் வருவது. பல் துலக்கினால் அது போகாததற்குக் காரணம் அதுவே.

இது தெரிந்தால் நம் வீட்டுச் சமையலில் பல விஷயங்கள் விளங்கிவிடும். பூண்டு ரசத்துக்குத் தோலோடு தட்டிப் போடுகிறோம். பூண்டுக் குழம்புக்கு முழுப் பல்லாக நல்லெண்ணெயில் வதக்குகிறோம். பொருள் ஒன்றுதான், மணம் வேறு. முழுப் பல்லைச் சூடான எண்ணெயில் போடும்போது செல் உடைவதற்கு முன்பே நொதி செத்துவிடுகிறது. அல்லிசின் உண்டாக வாய்ப்பே இல்லை, பல் குழைந்து இனிக்கிறது. கடப்பாவில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சாதுவானவை. தேங்காய், சோம்போடு பூண்டையும் அரைத்து ஊற்றுவதால்தான் அது இட்லிக்குத் துணையாகும் தகுதி பெறுகிறது. அரைக்காமல் முழுப் பூண்டைப் போட்டால் அது கடப்பா ஆகாது. நசுக்கிய பூண்டை உடனே எண்ணெயில் போடாமல் சில நிமிடம் விட்டுவைப்பதற்கும் அர்த்தம் இருக்கிறது, நொதி வேலையை முடிக்கட்டும் என்பதுதான் அது. கடையில் விற்கும் இஞ்சிப்பூண்டு விழுதில் அந்த வேலை என்றைக்கோ முடிந்து, பிறந்த அல்லிசினும் பெரும்பாலும் உருமாறிப் போயிருக்கும். அவசரத்துக்கு உதவும், ரசத்துக்கு உதவாது.

வெங்காயத்தில் கதை கொஞ்சம் நீளம். அங்கே இரண்டாவதாக ஒரு நொதி இருக்கிறது. கண்ணில் நீர் வரவழைக்கும் வாயுவை உண்டாக்குவது அதுதான். ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் இதைக் கண்டுபிடித்து நேச்சர் இதழில் எழுதினார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபெல் பரிசு 2013இல் அவர்களுக்குக் கிடைத்தது. சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தை முழுசாகப் போடும் பழக்கமும் பூண்டுக் கணக்குதான், உடையாத வெங்காயம் இனிப்பாக வேகும். நறுக்கிப் போட்டால் வேறொரு பாதை திறக்கிறது. இறைச்சிச் சாறு போல மணக்கும் ஒரு கந்தகச் சேர்மம் வெங்காயத்திலிருந்து உண்டாவதை 2000இல் வெளியான ஓர் ஆய்வு அடையாளம் கண்டது. கறியே போடாத குழம்பில் கறிக்குழம்பின் சாயல் தெரிந்தால், நறுக்கி வதக்கிய வெங்காயத்துக்கு அதில் பங்கு உண்டு.

கோயில் மடப்பள்ளியில் வெங்காயமும் கிடையாது, பூண்டும் கிடையாது. ஆனாலும் புளியோதரை மணக்கிறது. அங்கே பெருங்காயம் இருக்கிறது. ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியப் பகுதிகளில் வளரும் ஃபெருலா என்ற செடியின் வேரைக் கீறினால் வடியும் பாலின் பிசின் அது. அதன் மணமும் டைசல்பைடுகளால் ஆனது, வெங்காயம் பூண்டின் மணத்துக்கு நெருங்கிய உறவு. விலக்கியவர்கள் விலக்கியதன் உறவினரையே வேறு வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். சில வீடுகளில் திதிச் சமையலில் பெருங்காயத்தையும் சேர்ப்பதில்லை. மூக்கை மட்டும் சாட்சியாக வைத்தால் முரண்பாடு இல்லாதவர்கள் அவர்கள்தான். பச்சைப் பெருங்காயம் நாறுவதும் எண்ணெயில் பொரிந்தது மணப்பதும் ஏன் என்றால், சூட்டில் சில சேர்மங்கள் பறந்துவிடுகின்றன, சில மாறிவிடுகின்றன. இவ்வளவு பெருங்காயம் தின்னும் நாடு அதை முழுக்க முழுக்க இறக்குமதி செய்துவந்தது. 2020 அக்டோபரில் பாலம்பூர் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கன்று நட்டுச் சாகுபடியைத் தொடங்கிவைத்தது. பலன் தர ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும் செடி அது. இன்னொன்று, நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசின் கொஞ்சம், மாவும் கருவேலம் பிசினும் நிறைய. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கந்தகத்துக்கு அஞ்ச வேண்டாம், டப்பாவின் பின்பக்கம் மைதா இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கறிவேப்பிலையின் மணத்துக்குப் பல எண்ணெய்கள் காரணம் என்றே நெடுநாள் எழுதிவந்தார்கள். 2015இல் ஜெர்மனியில் மார்ட்டின் ஸ்டைன்ஹவுஸ் என்ற உணவு வேதியியலாளர் இலையின் வாசனைப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்த்தபோது முன்னால் வந்து நின்றது ஃபீனைல் ஈத்தேன் தயால் என்ற கந்தகச் சேர்மம். தனியாக முகர்ந்தால் தீய்ந்த வாடை, இலைக்குள் இருந்தால் கறிவேப்பிலை.

கூடவே தாளிக்கும் கடுகின் கதை வேறு. அதன் காரமும் நொதி வேலைதான், ஆனால் தாளிக்கும்போது வெடிக்கிற சூட்டில் நொதி செத்துப்போவதால் காரம் வருவதே இல்லை. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால்தான் மூக்கில் ஏறும். தயிர்ப்பச்சடிக்கு அரைத்து விடுவதும், மாவடு ஊறலில் கடுகுப்பொடி போடுவதும் அதற்காக.

காபிக்கு வருவோம். பச்சைக் காபிக்கொட்டையில் இந்த மணம் இல்லை. வறுக்கும்போது சர்க்கரையும் கந்தக அமினோ அமிலமும் சேர்ந்து உருவாவது அது. 1920களில் ஸ்விட்சர்லாந்தில் ஹெர்மான் ஸ்டாடிங்கரும் டாடியஸ் ரைஷ்ஸ்டைனும் செயற்கைக் காபி மணம் தயாரிக்கப் புறப்பட்டு ஃபர்ஃபுரைல் தயாலைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு இருவரும் வேறு வேறு ஆய்வுகளுக்காக நோபெல் பரிசு பெற்றார்கள். செயற்கைக் காபி மட்டும் தேறவில்லை. கும்பகோணத்தில் முதல் டிகாஷன் என்பது ஒரு பிடிவாதம் போலத் தெரியும். அதற்கு வேதியியல் ஆதரவு உண்டு. டிகாஷனின் பழுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனாய்டின்கள், காபி மணம் தரும் தயால்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இறக்கிய நேரம் முதல் இந்தப் பிடிப்பு தொடங்கிவிடுகிறது. காலையில் இறக்கியதை மாலையில் சுடவைத்தால் நிறமும் கசப்பும் அப்படியே இருக்கும், மணம் இருக்காது. பிளாஸ்கில் வைத்தாலும் இதே கதிதான். பாலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காய்ச்சும்போது பால் புரதத்திலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சல்பைடுதான் காய்ச்சிய பாலின் மணத்தைத் தொடங்கிவைக்கிறது. அழுகிய முட்டையில் முகம் சுளிக்க வைக்கும் அதே வாயு இங்கே நுண்ணளவில் நல்ல பெயர் வாங்குகிறது.

சோற்றில் கந்தகத்தின் கை மெல்லியது. மணமுள்ள அரிசி வகைகளின் வாசனைக்குப் பெயர்பெற்ற சேர்மத்தில் கந்தகமே கிடையாது, நைட்ரஜன்தான். ஆனால் குறுவை நெல்லை அறுத்த கையோடு அரைத்துப் பொங்கினால் சோறு குழைவதும், ஓராண்டு பழகிய அரிசி உதிர் உதிராக வேகுவதும் கந்தகத்தோடு தொடர்புள்ளவை. சேமிப்பில் இருக்கும்போது அரிசிப் புரதங்களுக்கு இடையே கந்தகப் பிணைப்புகள் கூடுவது அதற்கான காரணங்களில் ஒன்று. வயலிலோ அதே தனிமம் வேறு முகம் காட்டும். நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அது இரும்போடு சேர்ந்தால் சேறு கறுக்கும், இரும்பு போதாத மண்ணில் நெல்லின் வேரையே அழுக வைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது நீரை மிச்சப்படுத்துவதோடு இதையும் தடுக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையிலேயே கவனிக்க வேண்டிய கந்தகம் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அது பொருளில் தானாக இருப்பது அல்ல, நாம் சேர்ப்பது. வெல்லத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோஸ் என்ற கந்தக உப்பு, உலர்ந்த பழங்களுக்கும் கொப்பரைக்கும் போடும் கந்தகப் புகை, பாட்டில் பானங்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட்டு உப்புகள் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கும் பூண்டின் மணத்துக்கும் தனிமம் பொதுவே தவிரக் குணம் பொதுவல்ல. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்பைட்டு மூச்சிரைப்பைத் தூண்டிவிடும். பாக்கெட்டில் அடைத்த பொருள் என்றால் 220 முதல் 228 வரையிலான எண்கள் சேர்மானப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் வெல்லத்தில் எந்த எண்ணும் இருக்காது. கருத்ததெல்லாம் சுத்தம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பொங்கலுக்குப் பளிச்சென்ற மஞ்சள் வெல்லமே வேண்டும் என்று நாம் கேட்கிற வரை, கடைக்காரர் அதைத்தான் வாங்கி வைப்பார்.