முப்பது மில்லிமீட்டர் கடன்

ஒரு காரைத் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்த்த ஒரு கம்பெனி வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும். அதை வாங்கின புண்ணியவான் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காபிக்கும் நடுவில் கீழே இறக்கிவிடுவார்.

சுபாரு கதை அப்படித்தான். வடகிழக்கு ஜப்பானில் பனிக்காலம் வந்தால் ரோடு எது, வயல் எது என்று தெரியாது. தொஹோகு மின்சாரக் கம்பெனி ஆட்கள் அந்தப் பனியில் ஜீப்பில்தான் லைன் பார்க்கப் போவார்கள். ஜீப் எங்கும் ஏறும், சரி. போய் இறங்குகிற ஆசாமி விறைத்துப்போய் இருப்பார். ஜீப் மாதிரி ஏறணும், கார் மாதிரி கதகதப்பாகவும் இருக்கணும் என்று கம்பெனி கேட்டது. உள்ளூர் சுபாரு டீலர் ஒரு வேகனை எடுத்து, நிஸான் புளூபேர்டின் பின்பக்கச் சாமான்களை மாட்டி, பின் சக்கரத்தையும் இழுக்க வைத்தார். அதிலிருந்து 1972-ல் லியோன் எஸ்டேட் வேன் பிறந்தது. 1989-ல் லெகசி. 1994-ல் லெகசி வேகனை இன்னும் தூக்கி, அவுட்பேக் என்று பேர் வைத்தார்கள். (நம்ம பக்கமும் இந்தக் குடும்பத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டாயிரங்களில் செவர்லே ஃபாரஸ்டர் என்று விற்றது சாட்சாத் சுபாருதான்.)

இவ்வளவு பாடுபட்டு மேலே ஏற்றின ஜாதியை ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டம் இறக்கிக்கொண்டே இருக்கிறது. அதற்கென்றே லோயரிங் ஸ்பிரிங் விற்கிறார்கள். ஜெர்மனியில் ஐபாக், எச் அண்ட் ஆர்; ஜப்பானில் டீன்; ஆஸ்திரேலியாவில் கிங் ஸ்பிரிங்ஸ். பெட்டியில் நாலு ஸ்பிரிங், பளபளவென்று பெயிண்ட் அடித்து, புடவைக்கடை கலரில் இருக்கும்.

ஏன் இறக்குகிறார்கள்? கேட்டால், 'சென்டர் ஆஃப் கிராவிட்டி சார்' என்பார்கள். நிஜக் காரணம், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரிகிற சந்து. அது கண்ணை உறுத்துகிறது. பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி.

நான் பி.காம். எனக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் தோன்றும். இந்த ஸ்பிரிங் விஷயத்திலும் ஒரு பேரேடு போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வரவு. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 30 மில்லிமீட்டர் இறக்கினால், வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தாவுகிற பாரம் சுமார் 5 சதவீதம் குறையும். அவ்வளவுதான் லாபம். அதுகூட முழுசாகக் கைக்கு வராது. முன்பக்கம் மெக்ஃபர்ஸன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில், பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டி இறங்குவதைவிட அதிகமாக இறங்கிவிடும். நெம்புகோல் நீளுகிறது. இறக்கின வண்டி வளைவில் குறைவாகச் சாய்ந்தால், அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஸ்பிரிங்கின் விறைப்புக்குத்தான், குள்ளத்துக்கு இல்லை.

இப்போது செலவு. சக்கரம் மேலே எழும்ப ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் போய் முட்டும். வண்டி காலியாக நிற்கும்போது பின்பக்கம் அந்தக் கட்டை வரை 80 மில்லிமீட்டர் இருக்கிறது என்போம். இது உதாரணக் கணக்கு. வண்டிக்கு வண்டி மாறும்.

அந்த 80-தான் நம்ம சேமிப்புக் கணக்கு. இதில் முதல் செலவு குடும்பம். பின்சீட்டில் மூணு பேர், டிக்கியில் பெட்டி படுக்கை, குழந்தையின் மடக்கு வண்டி. எல்லாம் ஏறினால் பின்பக்கம் 40 மில்லிமீட்டர் அமுங்குகிறது. கம்பெனி ஸ்பிரிங்கில் பாக்கி 40. பள்ளம் வந்தால் சமாளிக்கும்.

30 மில்லிமீட்டர் இறக்குகிற, 20 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங்கைப் போடுங்கள். அதே குடும்பம் ஏறினால் 40-க்குப் பதில் 33-தான் அமுங்கும். 80-ல் 30 போச்சு, 33 போச்சு. பாக்கி 17. ஒரு விரல் அகலம்.

50 மில்லிமீட்டர் இறக்குகிற ஸ்பிரிங் என்றால்? பாக்கி மைனஸ் 3. அதாவது குடும்பம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினவுடனேயே வண்டி ரப்பர் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும். காசு கொடுத்து வாங்கின ஸ்பிரிங்கை முந்திக்கொண்டு கட்டை பாரம் தாங்கும்.

இது முதுகுவலியோடு போனால் பரவாயில்லை. மழை பெய்து நனைந்த ரோடு, வளைவு, நடுவில் ஒரு மேடு. வெளிப்பக்கப் பின் சக்கரம் கட்டையில் முட்டுகிறது. அந்த நொடியில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்காகிறது. டயர் ரோட்டை விட்டு வழுக்கப் பார்க்கிறது. வண்டியின் வால் தனியாகக் கிளம்புகிறது. பின்சீட்டில் தூங்குகிற குழந்தைக்கு மட்கார்ட் சந்து எவ்வளவு என்று தெரியாது. அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இந்தக் கணக்கை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன் அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. நம்ம 80-ல் மூன்றில் ஒரு பங்கு 26 சொச்சம். 30 இறக்குகிற ஸ்பிரிங்கே பரீட்சையில் ஃபெயில்! ஜப்பானில் தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 9 சென்டிமீட்டராவது இருந்தால்தான் சோதனையில் தேறும். ஜெர்மனியில் ஸ்பிரிங்கோடு சான்றிதழ் வரணும், பரிசோதகர் பார்த்து வண்டிப் புத்தகத்தில் ஏற்றணும். இந்தியாவில் 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் சொல்லிவிட்டது. ஆகவே இங்கே ஒருத்தர் ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஞாபகம் வருவது நல்லது.

ஆல் வீல் டிரைவ் என்பதால் பேரேட்டில் இன்னொரு பக்கம் உண்டு. நாலு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு ஷாஃப்ட், ஷாஃப்டுக்கு ரெண்டு ஜாயின்ட், மொத்தம் எட்டு. வண்டி இறங்கினால் எட்டும் புதுக் கோணத்தில் சுற்றணும். கொஞ்சமாக இறக்கினால் தாங்கும். ரொம்ப இறக்கினால் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வரும்.

அதைவிடப் பெரிய பில் டயரில் இருக்கிறது. இறக்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாயும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். சாதாரணக் காரில் ரெண்டு டயர் மாற்றினால் கதை முடிந்தது. இங்கே நாலு டயரும் ஒரே அளவில் சுற்றணும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது சுபாரு சொல்கிற கணக்கு. அதைத் தேய்மானமாக மாற்றினால் வெறும் 1 மில்லிமீட்டர். மீறினால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள பாகம் ஓயாமல் பஞ்சாயத்துப் பண்ணிச் சூடேறும். ஆக, ஒரு டயர் போனால் நாலு டயர் வாங்கணும். ஸ்பிரிங் விலை அதற்கப்புறம் மலிவாகத் தெரியும்.

'எதுக்கு வம்பு? ஹாக்ஸா பிளேடு வெச்சு ஒரு சுத்து அறுத்துட்டா போச்சு' என்று யோசனை சொல்ல ஊருக்கு ஒருத்தர் உண்டு. ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் ஏறுவது வாஸ்தவம். ஆனால் நுனி, அது உட்கார வேண்டிய கிண்ணத்தில் உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். நெருப்பில் காய்ச்சி இறக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும். கம்பியின் கனம் எவ்வளவு நுட்பமான விஷயம் என்றால், 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால், மற்றதெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் விறைப்பு 38 சதவீதம் கூடும். கணக்குப் போட்டுச் செய்கிற சாமான் அது.

சரி, சட்டம் அனுமதிக்கிற ஊரில் இருக்கிறார், ஆசையும் விடவில்லை. எப்படித் தேர்ந்தெடுக்கணும்?

இறக்கம் 20, 25-ஓடு நிற்கட்டும். நம்ம பேரேட்டில் 20 இறக்கி, 20 சதவீதம் விறைப்பு ஏற்றினால், ஃபுல் லோடில் பாக்கி 27. கம்பெனி தந்த 40 இல்லை. ஆனாலும் கௌரவமான பாக்கி. கேட்டலாக்கில் வேகன் என்று போட்டிருக்கிற நம்பரையே வாங்கணும். செடான் ஸ்பிரிங் மாட்டினால் மாட்டும், ஆனால் வேகனின் பின்பாரத்தை அது எதிர்பார்த்துச் செய்யப்பட்டது இல்லை. ஆரம்பத்தில் மெத்தென்று இருந்து அமுங்க அமுங்க விறைக்கிற புரோகிரெஸிவ் ரகம் வேகனுக்குப் பொருந்தும். திங்கட்கிழமை ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் என்று பாரம் மாறுகிற வண்டி இல்லையா?

ஷாக் அப்சார்பரையும் பாருங்கள். ஸ்பிரிங் 20 சதவீதம் விறைத்தால், துள்ளலை அடக்க ஷாக்குக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் சமாளிக்கும். எண்ணெய் கசிந்த கிழம் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றணும். சில வேகன்களில் பின்பக்கம் தானே உயரம் சரிசெய்துகொள்ளும் ஷாக் இருக்கும். அது ஸ்பிரிங்கின் பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமக்கும். அங்கே ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கணக்கே தப்பு.

மாட்டுகிறவரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி தன் காலில் நிற்கணும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் நாள் பூரா முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கொஞ்ச நாள் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் பார்க்கணும். வீட்டு வாசலில் தானே கழற்றுகிற வீரம் மட்டும் வேண்டாம். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் சொல்லிக்கொண்டு நழுவாது.

பத்திரிகைப் படங்களில் இறக்கின வேகன் அழகாகத்தான் இருக்கும். உற்றுப் பாருங்கள்: உள்ளே ஒரு ஆள் இருக்கமாட்டார். டிக்கியில் ஒரு பை இருக்காது.

அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பத்தையும் ஏற்றி, ஊருக்குப் போகிற மாதிரி சாமானையும் அடையுங்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப் வைத்து அளங்கள். தரையிலிருந்து அளக்கவேண்டாம், டயர் காற்று பொய் சொல்லும். காலி வண்டியின் அளவிலிருந்து இதைக் கழித்தால் உங்கள் குடும்பத்தின் செலவு எவ்வளவு என்று மில்லிமீட்டரில் வந்துவிடும். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போகணும்.

எதற்காக எல்லோரையும் ஏறி உட்காரச் சொன்னீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள். காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அங்கேயே பட்ஜெட் தோற்கலாம். அதுவும் ஒரு வகை சேஃப்டி டெஸ்ட்தான்.